நாடாவுக்கு உள்ளே ஜெறோம்

வடகடல் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் கேட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. நூலகத்திலிருந்து பஸ் தரிப்பிடத்துக்குப் போகிற பாதையில் ஒரு விளக்கு. பரீட்சை மண்டபத்துக்கு முன்னால் நிற்கிற வேப்பமரத்தின் கீழ் உட்கார்ந்து சாப்பிட இரண்டு வாங்கு. ஒரு மின்சாரக்காரரும் ஒரு தச்சரும் வந்தால் மத்தியானத்துக்குள் முடிகிற வேலை. மத்தியானத்துக்குள் முடிகிற வேலையைச் செய்வதற்கா ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள்? குழு ஒன்று அமைக்கப்பட்டது.

குழுவுக்குத் தலைவர் பேராசிரியர் அருளம்பலம். செயலாளர் உதவிப் பதிவாளர் தேவமலர். குழு முதலில் வேப்பமரத்தை ஆராய்ந்தது. மரத்தில் கொப்புகள் இருப்பதும், கொப்புகள் முறியக்கூடியவை என்பதும் தெரியவந்தன. பாதுகாப்புக் கருதி மரம் தறிக்கப்பட்டது. தறித்த பிறகு அந்த இடத்தில் நிழல் இல்லை என்பது தெரியவந்தது. நிழலை ஆராய ஓர் உபகுழு போடப்பட்டது. வெயிலில் நிற்கிற பிள்ளைகள் மயங்கி விழக்கூடும் என்று உபகுழு எச்சரித்ததால், பிள்ளைகள் வராதபடி சுற்றிவரக் கம்பிவேலி அடித்தார்கள். விளக்குகளையும் அந்த வேலிக்குள்ளேயே போட்டார்கள். ஆனால் இருட்டில் ஆட்கள் அங்கே நிற்பது ஆபத்து என்பதால், பின்னேரம் ஐந்து மணிக்கு வேலியைப் பூட்டி விளக்கையும் நிறுத்திவிடுவது என்று தீர்மானமாயிற்று. கடைசியாக அந்த இடத்துக்குப் பெயர் வைத்தார்கள்: ‘பாதுகாப்பும் சௌகரியமும் மிக்க வெளியிட இளைப்பாறு வலயம்.’ அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் பேராசிரியர் ஒருவர்தான்.

வலயத்தின் திறப்புவிழா அன்றுதான் குருநகரிலிருந்து ஜெறோம் வந்து சேர்ந்தார்.

ஜெறோம் கடற்தொழிலாளி. காலையில் கரைக்கு வந்து வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டு நின்றபோது மகள் டிலக்ஷி தொலைபேசியில் கூப்பிட்டாள். அழுகிற குரல். மூக்குக்கண்ணாடியை வீட்டில் தையல் மெசினுக்கு மேல் விட்டுவிட்டு வந்துவிட்டாள். ஒரு மணிக்குப் பரீட்சை. கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குத் தாளில் இருப்பது எழுத்தா எறும்பா என்று தெரியாது. அதே பாடத்தைப் போன வருடம் டெங்குக் காய்ச்சலில் விட்டவள். இந்தமுறையும் விட்டால் பட்டம் இல்லை. கடலுக்குப் போகிற குடும்பத்தில் பட்டத்துக்குப் படிக்கிற முதல் பிள்ளை அவள். ஜெறோம் மீனை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, கோவிலுக்குப் போடுகிற சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணாடியை அதன் பையில் வைத்து, புனித யாகப்பரைக் கூப்பிட்டபடியே மோட்டார் சைக்கிளை விட்டார். பன்னிரண்டரைக்கு முதல் வாசலில் நின்றார்.

வாசலில் பாதுகாப்பு உத்தியோகத்தர் கொலின்ஸ் மறித்தார்.

“எங்கை அண்ணை போறியள்?”

“மகளுக்குக் கண்ணாடி குடுக்கோணும் தம்பி. சோதினை மண்டபம் எங்காலை?”

“வெளியாக்கள் மண்டபத்துக்குக் கிட்டப் போகேலாது.”

“அப்ப இதை நீங்கள் குடுத்துவிடுங்கோவன்.”

கொலின்ஸ் பாம்பைக் கண்டவர் போலப் பின்னால் நகர்ந்தார். “சோதினைப் பிள்ளைக்கு நாங்கள் ஒண்டும் கைமாத்தக் கூடாது. அது மோசடி எண்டு வந்திடும். மண்டபத்துக்குச் செய்தி சொல்லிவிடுறன், பிள்ளை வந்து தன்ரை கையாலை வாங்கட்டும். நீங்கள் பாதுகாப்பான இடமொண்டிலை நிண்டால் போதும்.”

“இந்த மதிலோடை நிக்கிறன்.”

“மதில் இன்னும் மதிப்பீடு செய்யேல்லை அண்ணை. இந்த வளவுக்குள்ளை பாதுகாப்பானது எண்டு எழுத்திலை இருக்கிறது ஒரேயொரு இடம்தான். வேறை எங்கையாவது நிண்டு உங்களுக்கு ஏதும் நடந்தால் நான்தான் பதில் சொல்லோணும்.”

அப்படித்தான் ஜெறோம் வலயத்துக்குள் கொண்டுபோய் விடப்பட்டார். பரீட்சை மண்டபம் எதிரே, கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. இனிக் கவலையில்லை என்று நினைத்தார். உள்ளே இரும்பு வாங்குகள் பொலித்தீன் உறை கழற்றாமல் பளபளத்தன. திறந்துவைக்கும்வரை உட்காரக்கூடாது என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். நிழல் மருந்துக்கும் இல்லை. கொலின்ஸ் ஒரு மஞ்சள் தலைக்கவசத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“இது என்னத்துக்குத் தம்பி?”

“கொப்பு முறிஞ்சு விழுந்தால்.”

ஜெறோம் அண்ணாந்து பார்த்தார். வானம் மட்டும்தான் இருந்தது.

“மரம் இல்லையே.”

“மரம் நிண்ட காலத்திலை போட்ட விதி அண்ணை. மரத்தைத் தறிச்சவை, விதியைத் தறிக்கேல்லை. போடுங்கோ.”

ஜெறோம் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டார். கொலின்ஸ் செய்தி சொல்லப் போனார். அவர் போன கையோடு இரண்டு பேர் வந்து வலயத்தின் ஒரே வாசலுக்குக் குறுக்கே சிவப்பு நாடாவைக் கட்டி, நடுவில் பூவாக முடிச்சுப் போட்டார்கள்.

நாடா என்றால் எங்கள் ஊரில் சும்மா துணி இல்லை. சன சமூக நிலையமோ மலசலகூடமோ, நாடாவைக் கட்டிவிட்டால் பிரதம விருந்தினர் வந்து வெட்டும்வரை காற்றும் கேட்டுத்தான் போகவேண்டும். பாதி வேலை முடிந்த பாலத்துக்குக்கூட நாடா கட்டியிருந்தால் சனம் சேற்றில் இறங்கிப் போகுமே தவிர நாடாவில் முட்டாது. ஜெறோமும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். நாடாவுக்கு அருகே போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“தம்பிமார், நான் உள்ளை நிக்கிறன்.”

“ஓம் அண்ணை, காணுறம்.”

“குனிஞ்சு வரட்டே?”

கட்டினவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலைவரைக் கூப்பிட்டார்கள். பேராசிரியர் அருளம்பலம் கோட்டுச் சூட்டோடு, வியர்வையைத் துடைத்தபடி வந்தார்.

“பிரதம விருந்தினருக்கு முதல் நாடாவைத் தாண்டுறது மரபில்லை” என்றார்.

“நான் உள்ளை போகேல்லை ஐயா. வெளியாலைதான் வரக் கேக்கிறன்.”

பேராசிரியர் சற்று யோசித்தார். “உள்ளிருந்து வெளியே வாற நிலைமையைக் குழு எதிர்பார்க்கேல்லை. எதிர்பாராத நிலைமையிலை உள்ளபடியே இருக்க விடுறதுதான் பாதுகாப்பு. நீங்கள் பயப்பிடாதேங்கோ. நீங்கள்தான் எங்கடை முதல் பயனாளி.”

அந்த நேரம் நாயொன்று நாடாவுக்குக் கீழால் உள்ளே வந்து, வாங்குக்கு அடியில் சுருண்டு படுத்து, பிறகு மனம் மாறி அதே வழியால் வெளியே போனது. அதை ஒருவரும் மறிக்கவில்லை.

சரி, வேலி பாயலாமே என்று கேட்பீர்கள். குருநகர்க்காரருக்கு இடுப்பளவு கம்பிவேலி ஒரு பொருட்டா? ஆனால் ஜெறோமுக்கு வேறு பயம். பெரிய இடத்து ஆட்களோடு கொளுவினால் அவர்கள் தன்னை ஒன்றும் செய்யமாட்டார்கள், பிள்ளையின் படிப்பில் கை வைத்துவிடுவார்கள் என்று அவர் நம்பினார். பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய ஏழைத் தகப்பன்மார் எல்லாருக்கும் இந்தப் பயம் உண்டு. அந்தப் பயம் அநியாயமானது என்று அடித்துச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆகவே ஜெறோம் கண்ணாடி இருந்த பையைத் தடவிக்கொண்டு வெயிலில் நின்றார். பரீட்சை மண்டபத்தில் மணி அடித்தது. ஒரு மணி.

விழாவும் அப்போதுதான் தொடங்கியது. மேடை வேலிக்கு வெளியே, வாசலை ஒட்டி இருந்தது. சோதினை இல்லாத பிள்ளைகளை வரவு எடுக்கப்படும் என்று வெருட்டி வரிசையாக இருத்தியிருந்தார்கள். முதல் நிகழ்ச்சி அவசரகால வெளியேற்ற ஒத்திகை. சங்கு ஊதியது. அறிவிப்பாளர், ‘வலயத்தில் தீப்பற்றியதாகக் கற்பனை செய்துகொண்டு அனைவரும் ஒழுங்காக வெளியேறுக’ என்றார். வலயத்துக்கு வெளியே இருந்தவர்கள் எல்லாரும் எழும்பி, இன்னும் வெளியே போனார்கள். உள்ளே நின்றவர் ஜெறோம் மட்டும்தான். அவர் வாசலடிக்கு வந்தார்.

கொலின்ஸ் கையைக் காட்டினார். “நீங்கள் நில்லுங்கோ அண்ணை. நாடா.”

“நெருப்பு எண்டு சொல்லுறியள்?”

“ஒத்திகைதானே. உண்மையா எரிஞ்சால் தலைவரைக் கேட்டு ஒரு முடிவு எடுப்பம்.”

“மகளுக்குச் செய்தி சொன்னியளோ தம்பி?”

“மேற்பார்வையாளருக்குச் சொல்லிப்போட்டன். ஒண்டரைக்குக் கதவைப் பூட்டுவினமாம். அதுக்குப் பிறகு ஒருத்தரும் உள்ளை போகேலாது. அதுக்கிடையிலை பிள்ளையை விட்டால் வரும்.”

ஒத்திகை வெற்றி என்று அறிவித்தார்கள். எல்லாரும் திரும்பி வந்து இருந்தார்கள். பேராசிரியர் அருளம்பலம் தலைமையுரைக்கு எழும்பினார்.

“அபாயம் என்பது எங்கிருந்து வருகிறது? மனித நடமாட்டத்திலிருந்து வருகிறது. மரம் நின்ற காலத்தில் நாள்தோறும் எத்தனையோ மாணவர்கள் அதன் கீழ் இருந்து உணவருந்தினார்கள், சிரித்தார்கள், சிலர் உறங்கவும் செய்தார்கள். அத்தனை பேரும் ஆபத்தில் இருந்தார்கள் என்பதை அவர்களே அறியவில்லை! இன்று இந்த வலயத்தைப் பாருங்கள். வேலியடித்த நாள்முதல் இங்கே ஒரு விபத்துக்கூட நடக்கவில்லை. ஒருவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஒருவர்கூட வரவில்லை. இது உலகத் தரம் என்று நான் பணிவோடு கூறுகிறேன்.”

கைதட்டினார்கள். கைதட்டாவிட்டால் வரவு போய்விடும்.

அடுத்தது பிரதம விருந்தினர் ஹெக்டர். கொழும்பில் ஏதோ ஒரு திணைக்களத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். மேடையில் அவர் சட்டைப்பையைத் தடவினார். கோட்டைத் தடவினார். கண்ணாடியை விடுதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். “அப்ப நான் ரெண்டு வார்த்தை சொல்லிப்போட்டு நாடாவை வெட்டுறன்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது ஜெறோமின் காதில் விழுந்தது. ஜெறோம் சிலுவை போட்டுக்கொண்டார். கடவுள் சிலவேளை இப்படித்தான் வழி திறக்கிறார் என்று நினைத்தார்.

ஆனால் செயலாளர் தேவமலர் கடமையில் கண்ணானவர். பிரதம விருந்தினர் உரையில்லாமல் விழாவா? அவர் நாலாபக்கமும் பார்த்தார். வேலிக்கு உள்ளே, மஞ்சள் தலைக்கவசத்துக்குக் கீழே, ஜெறோமின் சட்டைப்பையில் கண்ணாடியின் காம்பு எட்டிப் பார்த்தது.

“ஐயா, உந்தக் கண்ணாடியை ஒருக்காத் தாங்கோ. ரெண்டு நிமிசம்.”

“ஐயோ மிஸ், இது மகளின்ரை. அவளுக்கு இப்ப சோதினை.”

“எந்தப் பீடம்? பிள்ளையின்ரை பேர் என்ன? பதிவிலக்கம்?”

தேவமலர் நன்றியுரையில் சேர்க்கத்தான் கேட்டார். ஜெறோமுக்கு அது தெரியாது. வந்தது வந்துவிட்டது, பிள்ளையின் படிப்பில் கை வைக்கப்போகிறார்கள் என்று நினைத்தார். கண்ணாடியை எடுத்து வேலிக்கு மேலால் நீட்டினார்.

ஹெக்டர் அதைப் போட்டுப் பார்த்தார். பூப்போட்ட ஊதா நிறக் காம்பு. ஆனால் எழுத்து வடிவாகத் தெரிந்தது. முகம் மலர்ந்தது. பையிலிருந்து தடித்த தாள்கட்டொன்றை வெளியே எடுத்தார்.

“சௌகரியம் என்றால் என்ன?” என்று தொடங்கினார். “நான் குளிரூட்டிய வாகனத்தில் இங்கு வந்தேன். கதவைத் திறந்து இறங்கியதும் என்னால் ஒரு நிமிடம்கூட வெளியில் நிற்க முடியவில்லை. அப்போதுதான் வெளியிடச் சௌகரியத்தின் முக்கியத்துவம் எனக்குப் புரிந்தது. உடனே மேடைக்கு மின்விசிறி வேண்டும் என்றேன். உடனே தந்தார்கள். கேட்டதும் கொடுக்கிற நிர்வாகம் இது! மாணவர்களே, நீங்களும் கேட்கப் பழகுங்கள். ஆனால் எப்போது கேட்பது, யார் கேட்பது என்பதையும் பழகுங்கள்...”

தாள் புரண்டது. இன்னொரு தாள் புரண்டது. அவர் படித்த பள்ளிக்கூடம் வந்தது. அவர் அமைத்த வீதிகள் வந்தன. அந்த வீதிகளில் இப்போது பள்ளங்கள் இருப்பதற்கு அவருக்குப் பின் வந்தவர்கள் எப்படிப் பொறுப்பு என்பது வந்தது. ஜெறோம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பி சுட்டது. தன் கையாலேயே கொடுத்த கண்ணாடியால்தான் அந்த மனிதர் வாசிக்கிறார் என்பதை நினைக்க அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. கொடுக்காமல் விட்டிருந்தால் இந்நேரம் நாடா வெட்டுப்பட்டிருக்கும். நடுக்கடலில் இயந்திரம் நின்ற நாள்களில்கூட அவருக்கு இப்படி மூச்சு முட்டியதில்லை. அங்கே நீந்தவாவது இடம் இருந்தது.

அப்போதுதான் அவர் மகளைக் கண்டார்.

டிலக்ஷி மண்டபத்துப் படியால் கால் தடவித் தடவி இறங்கி வந்துகொண்டிருந்தாள். கண்களைச் சுருக்கி எல்லாரையும் பார்த்தாள். தகப்பன் எது, தூண் எது என்று தெரியாமல் ஒலிபெருக்கித் தூணைப் பார்த்து, “அப்பா” என்றாள். கொலின்ஸ் அவளை மறித்து, விழா முடியும்வரை வலயத்துக்குக் கிட்டப் போகமுடியாது என்றார்.

“அண்ணை, ஒண்டரைக்குக் கதவைப் பூட்டிடுவினம். அப்பாவைக் கூப்பிட்டு விடுங்கோ” என்றாள்.

நல்ல மனிதர்களையும் ஓர் இடத்துக்குமேல் அடக்கி வைக்க முடியாது. ஜெறோம் நாடாவை நோக்கி நடந்தார். குனியவில்லை. நெஞ்சால் முட்டினார். சிவப்பு நாடா பூ முடிச்சோடு அறுந்து தோளில் தொங்கியது. அப்படியே மேடைப் படியில் ஏறினார். “மன்னிக்கோணும் ஐயா, இது பிள்ளையின்ரை” என்று சொல்லி, பிரதம விருந்தினரின் மூக்கிலிருந்து கண்ணாடியைப் பவ்வியமாகக் கழற்றினார்.

சபையில் பாதிப் பேர் நித்திரை. மீதிப் பேர் நாடா அறுந்ததைத்தான் கண்டார்கள். நாடா அறுந்தால் கைதட்டுவதுதான் எங்கள் பழக்கம். தட்டினார்கள். நித்திரையில் இருந்தவர்களும் எழும்பித் தட்டினார்கள். மேடைக்குப் பின்னால் ஒலிபெருக்கியோடு இருந்தவருக்குக் கைதட்டல் மட்டும்தான் கேட்டது. நிகழ்ச்சி நிரலில் ‘நாடா வெட்டுதல்’ என்பதற்குக் கீழே ‘பல்கலைக்கழக கீதம்’ என்றிருந்தது. அவர் கீதத்தைப் போட்டார்.

கீதம் கேட்கிற தூரத்தில் உள்ள எல்லாரும் எழுந்து, கைகளைப் பக்கத்தில் வைத்து, அசையாமல் நிற்கவேண்டும். ஆறு சரணம். நடுவில் வயலின் தனியாகவும் வரும். ஹெக்டர் வெறுமூக்கோடு விறைத்து நின்றார். பேராசிரியர் ‘யாரடா நீ’ என்று கேட்கத் திறந்த வாயை மூடிக்கொண்டு நின்றார். கொலின்ஸ் கையைப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, கண்ணால் மட்டும் ஜெறோமைத் துரத்தினார்.

ஜெறோமும் முதலில் நின்றார். பழக்கம். முதற் சரணம் முடிந்து இரண்டாவது தொடங்கியபோது அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் கட்டுண்டு நின்றார்கள். தன்னை மறிக்க ஒருவராலும் முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. இந்த வளவு முழுவதிலும் நடக்கக்கூடிய மனிதர் தான் ஒருவர்தான்.

மேடையால் இறங்கினார். கொலின்ஸைத் தாண்டிப் போகும்போது, “குறை நினையாதேங்கோ தம்பி” என்றார். மகளின் முகத்தில் கண்ணாடியை மாட்டிவிட்டார். அவள் தகப்பனை, தலைக்கவசத்தை, தோளில் தொங்கின நாடாவைப் பார்த்தாள்.

“என்னப்பா இது கோலம்?”

“பிறகு சொல்லுறன். நட பிள்ளை.”

“கீதம் போகுதப்பா.”

“அது போகட்டும். நீயும் போ.”

இருவரும் விறைத்து நின்ற வரிசைகளுக்கு நடுவால் ஓடினார்கள். மண்டப வாசலில் மேற்பார்வையாளர் கதவைப் பூட்ட வந்த இடத்தில் நின்றுவிட்டார். கதவு பாதி திறந்திருந்தது. அவர் கண்களை உருட்டினார், ஆனால் கை எழவில்லை. டிலக்ஷி அவருக்கும் கதவுக்கும் இடையால் உள்ளே நுழைந்தாள். ஐந்தாவது சரணத்தில் அவள் கதிரையில் இருந்துவிட்டாள். கீதம் முடிந்தது. மணி அடித்தது. மேற்பார்வையாளர் கதவைப் பூட்டினார். உள்ளே போன பிள்ளையை வெளியே எடுக்க விதியில் இடமில்லை.

ஜெறோம் படியில் நின்று மூச்சு வாங்கினார். கொலின்ஸும் இன்னும் இருவரும் வந்து சுற்றி நின்றார்கள். விழாவைக் குழப்பியது, பிரதம விருந்தினரின் மேல் கை வைத்தது, கீதத்தின்போது நடந்தது என்று குற்றம் மூன்று. விசாரணைக் குழு அமைக்கவேண்டும். அது கூடும்வரை ஆளைப் பாதுகாப்பான இடத்தில் வைத்திருக்கவேண்டும் என்று பேராசிரியர் உத்தரவிட்டார். பாதுகாப்பான இடம் ஒன்றே ஒன்றுதான். ஜெறோமை மறுபடியும் வலயத்துக்குள் விட்டார்கள். அறுந்த நாடாவை முடிச்சுப்போட்டு வாசலில் கட்டினார்கள். ஹெக்டர் படப்பிடிப்புக்காக இன்னொரு முறை வெட்டினார். வெட்டிவிட்டு எல்லாரும் சிற்றுண்டிக்குப் போனார்கள். வாசலில் கொலின்ஸ் பூட்டைப் போட்டார்.

திறந்து வைத்தாயிற்று, இனி இருக்கலாம். ஜெறோம் பொலித்தீனைக் கிழித்துவிட்டு வாங்கில் இருந்தார். இரும்பு கொதித்தது. தலைக்கவசத்துக்குக் கீழால் வியர்வை கழுத்தில் இறங்கியது. எதிரே மண்டபத்தின் யன்னல். யன்னலுக்குள் மகளின் தலை. ஊதாக் காம்பு. குனிந்து எழுதுகிறாள். நிறுத்தி வாசிக்கிறாள். மறுபடி எழுதுகிறாள். ஜெறோமின் கண் கலங்கியது. அதை வியர்வை என்று துடைத்துக்கொண்டார்.

தேவமலர் வேலிக்கு வெளியே வந்து நின்றார். குழுவின் அறிக்கைக்குப் பயனாளி ஒருவரின் கருத்து அவசியம். உள்ளே இருந்த பயனாளி இவர் ஒருவர்தான்.

“ஐயா, ஒரு கேள்வி. இந்த வலயம் உங்களுக்குப் பாதுகாப்பாகவும் சௌகரியமாகவும் இருக்குதோ?”

யன்னலுக்குள் டிலக்ஷி தாளைப் புரட்டி, அடுத்த பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.

“ஓம் மிஸ், நல்ல வசதி” என்றார் ஜெறோம், கண்ணை எடுக்காமல். “அவள் எழுதி முடிக்குமட்டும் என்னை இதிலையிருந்து எழுப்பாதேங்கோ.”